ஃப்ரீசர் நிறைய இருந்துச்சு, மாசக் கடைசியில கை காலி: ஒரு வீட்டு மளிகைக் கணக்கு

அக்கா வீட்ல மொத்தம் 6 பேர். அக்கா, மாமா, 3 பசங்க, மாமாவோட அம்மா. மாமா சம்பளம் மாசாமாசம் வந்துரும், அக்காவோட தையல் வேலை ஒரு மாசம் வரும் ஒரு மாசம் வராது. மளிகைக்குன்னு ஒதுக்குற பணம் அவங்களுக்கு எப்பவுமே இழுத்துப் பிடிச்ச கணக்குதான், அதனால மொத்தமா வாங்கி வெச்சா மிச்சமாகும்னு நம்பி, மேல மூடி திறக்குற பெட்டி மாதிரி 200 லிட்டர் ஃப்ரீசர் ஒண்ணு பழசா வாங்கினாங்க. நினைச்சதுல தப்பே இல்ல. ஆனா ரெண்டு மாசம் கழிச்சு அக்கா எனக்கு ஃபோன் பண்ணி "மிச்சம் பண்ணத்தானே இதை வாங்கினேன், இப்ப மாசக் கடைசியில பால் வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கு"ன்னு சொன்னாங்க. குரல் உடைஞ்சிருந்துச்சு. அந்த வாரமே நான் போய் அங்க தங்கிட்டேன். அங்க என்ன தப்பு நடந்துச்சு, எப்படி சரி பண்ணோம், எது கடைசி வரைக்கும் சரியாகலன்னு மறைக்காம எழுதுறேன், ஏன்னா இதே நிலைமையில நிறைய வீடு இருக்குன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல நடந்தது என்னன்னா, ஃப்ரீசர் வந்த முதல் வாரமே அந்த மாச மளிகைப் பணத்துல பாதிக்கு மேல எடுத்து 20 கிலோ சாமானை ஒரே நாள்ல வாங்கிட்டாங்க. கோழி, மீன், கேரட், பீன்ஸ், பட்டாணி, அதுபோக அரிசியும் மாவும் பெரிய மூட்டையா. எல்லாம் விலை குறைஞ்சு கிடைச்சதுதான். ஆனா மூணாவது வாரம் பால், முட்டை, வெங்காயம் வாங்கக் கையில காசில்ல, கடன் வாங்கினாங்க. ஃப்ரீசர்ல பத்து நாளைக்கு மேல சாப்பிடுற அளவு இறைச்சி கிடக்குது, காலையில பசங்களுக்குக் கொடுக்கப் பால் இல்ல. பணம் எங்கயும் போகல, உறைஞ்சு உள்ளயே கிடந்துச்சு, அதை எடுத்துச் செலவு பண்ண முடியல, அவ்வளவுதான் விஷயம்.

நான் போன மறுநாள் ஃப்ரீசரையும் மளிகை அலமாரியையும் முழுசா காலி பண்ணோம். வேலை மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஃப்ரீசர் சாமானை எல்லாம் கனமான போர்வையில சுத்தி ஒண்ணோட ஒண்ணா நெருக்கி வெச்சுட்டுத்தான் ஆரம்பிச்சோம். 9 கிலோ கோழி ஒரே பாறையா ஒட்டிப்போய் இருந்துச்சு, ஒரு வேளைக்கு வேணும்னா மொத்தத்தையும் இளக வைக்கணும், அதனாலேயே யாரும் அதைத் தொடல. என்னன்னே தெரியாத பொட்டலம் 11. மேல வெள்ளையா, காஞ்ச தோல் மாதிரி திட்டுத் திட்டா இருந்த மீன். பீன்ஸ் வைக்கோல் மாதிரி நிறம் மாறிப்போய் இருந்துச்சு. அலமாரியில திறந்த மாவுப் பொட்டலம் 3, அதுல ஒண்ணுல வண்டு. ஒரே மசாலா ரெண்டு டப்பாவுல. உப்பிப் போன டின் ஒண்ணு, அதைத் திறக்காமலேயே கவர்ல கட்டித் தூக்கிப் போட்டோம், உப்பின டின்னுல பொட்டுலிசம் கிருமியோட நஞ்சு இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து, அங்க காசு பார்க்கவே கூடாது.

மாமாவோட அம்மா, அத்தைதான் அந்த அலமாரி அடியில இருந்து ஒரு காஞ்ச பீன்ஸ் பொட்டலத்தை எடுத்து, "இது ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா, எவ்வளவு நேரம் வேக வெச்சாலும் வேகாது, கேஸ்தான் தீரும்"னு சொன்னாங்க. அவங்க சொன்னது முழுசா சரி. காஞ்ச பயறு கெட்டுப்போறதில்ல, ஆனா வெக்கையும் ஈரமும் பட்டு நாளாக ஆக உள்ள இறுகிடும், அப்புறம் ஊற வெச்சாலும் மெத்துனு வராது. ஊற வைக்கிற தண்ணியில சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டா கொஞ்சம் உதவும், ரொம்பப் பழசானா அதுவும் உதவாது.

எண்ணினதை எல்லாம் ஒரே தாள்ல எழுதி ஃப்ரீசர் மூடியிலயே ஒட்டினோம். என் அனுபவத்துல இந்தத் தாள்தான் மொத்தக் கதையிலயும் முக்கியமான சாமான். எடுத்தா அடிக்கணும், வெச்சா எழுதணும். அடுத்த ரெண்டு வாரம் பால், முட்டை, வெங்காயம், கீரை தவிர எதுவும் வாங்காம உள்ள இருந்ததை வெச்சே சமைச்சாங்க. கோழிப் பாறையை ஃப்ரிட்ஜ்ல வெச்சு மூணு நாள் இளக விட்டு, பாதியை அன்னைக்கே சமைச்சு, சமைச்சதை மறுபடி சின்னச் சின்னதா உறைய வெச்சோம். பச்சையா இளகின இறைச்சியை ஃப்ரிட்ஜ்லயே இளக வெச்சிருந்தா மறுபடி உறைய வைக்கலாம், தன்மை கொஞ்சம் போகும், ஆனா சமைச்சு வைக்கிறது நல்லது. சமையல் மேடையில வெச்சு இளக வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், நடுவுல இன்னும் கல்லா இருக்கும்போதே வெளிப்பக்கம் கிருமி பெருகுற சூட்டுக்கு வந்துரும். அவசரம்னா கவரோட குளிர்ந்த தண்ணியில முக்கி வெச்சு 30 நிமிஷத்துக்கு ஒருதடவை தண்ணியை மாத்தலாம்.

அந்தக் கோழியும் பீன்ஸும் ஏன் அப்படி ஆச்சுங்கிறதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இது தெரியாமத்தான் நிறையப் பேர் ஃப்ரீசர் சாப்பாடே நல்லா இருக்காதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. உறையுறது மெதுவா நடந்தா உள்ள இருக்குற தண்ணி பெரிய பெரிய ஐஸ் படிகமா வளர்ந்து இறைச்சியோட, காயோட செல்லைக் கிழிச்சிரும், இளகும்போது தண்ணியா வடிஞ்சு சக்கை மாதிரி ஆயிரும். சீக்கிரம் உறைஞ்சா படிகம் சின்னது, சேதமும் கம்மி. 1910கள்ல கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐங்கிற அமெரிக்கர் இப்ப கனடாவுல இருக்குற லாப்ரடார்ல இருந்தப்ப, அங்க பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் கடும் குளிர்ல பிடிக்கிற மீன் வெளிய எடுத்ததுமே உறைஞ்சுபோறதையும், மாசக்கணக்கா கழிச்சுச் சமைச்சாலும் புதுசு மாதிரி இருக்கிறதையும் பார்த்துத்தான் வேகமா உறைய வைக்கிற முறையையே உருவாக்கினார், இன்னைக்குக் கடையில விக்கிற உறைஞ்ச பட்டாணி எல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

வீட்டு ஃப்ரீசருக்கு அந்த சக்தி கிடையாது. 28 லிட்டர் இடத்துக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒண்ணரை கிலோ புதுச் சாமான்தான் அதால ஒழுங்கா உறைய வைக்க முடியும். அப்ப 200 லிட்டருக்கு 7ல இருந்து 10 கிலோ. அக்கா வெச்சது 20 கிலோ, கடைக் கவரோட, ஒண்ணு மேல ஒண்ணா. நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ள வெச்சுப் பார்த்தப்ப -11 டிகிரி காட்டுச்சு, இருக்க வேண்டியது -18. சுவத்துல விரல் தடிமனுக்கு பனி, மூடி ரப்பரும் ஒரு பக்கம் தளர்ந்திருந்துச்சு. ஒரு காகிதத்தை நடுவுல வெச்சு மூடியைச் சாத்தி இழுத்துப் பாருங்க, லேசா வந்துருச்சுன்னா ரப்பர் பிடிக்கலன்னு அர்த்தம். ரப்பரை மாத்தி, பனியை உருக்கித் துடைச்சு, மறுநாள் பார்த்தா -18க்கு வந்துருச்சு. இப்ப பனி 6 மில்லிமீட்டர் தாண்டினா உருக்கிடுறாங்க. -18ல வெச்ச சாப்பாட்டுல கிருமி வளராது, ஆனா சாகவும் சாகாது, இளகினதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கும், இதை மட்டும் மறக்காம இருந்தா போதும்.

மீன்ல இருந்த வெள்ளைத் திட்டு ஃப்ரீசர் பர்ன். ஐஸ் தண்ணியா மாறாமலேயே நேரா ஆவியாப் போயிரும், அந்த இடம் காஞ்சு போகும். சாப்பிட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, வெட்டி எடுத்துட்டு சமைக்கலாம், ஆனா ருசி இருக்காது. காரணம் கவர்க்குள்ள காத்து. இப்ப ஜிப் கவர்ல போட்டு, வாய்ப்பக்கம் மட்டும் வெளிய இருக்குற மாதிரி ஒரு பாத்திரத் தண்ணிக்குள்ள மெதுவா இறக்குறாங்க, தண்ணி அமுக்கி காத்தெல்லாம் வெளிய தள்ளிரும், அப்ப ஜிப்பை மூடணும். மெஷின் எதுவும் தேவையில்ல. 500 கிராம், ஒரு வேளைக்கு உள்ளது, தட்டையா ஒரு நோட்டு மாதிரி அமுக்கி, தட்டு மேல படுக்க வெச்சு உறைய வைக்கணும். தட்டையா இருந்தா சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், அப்புறம் புத்தகம் மாதிரி நிக்க வெச்சு அடுக்கலாம். பேர், அளவு, தேதி எழுதின டேப்பை உறைய வைக்கிறதுக்கு முன்னாடியே ஒட்டிடணும், குளிர்ந்து ஈரமான கவர்ல டேப் ஒட்டவே ஒட்டாது, அந்த 11 பேரில்லாப் பொட்டலத்துல பாதி அப்படி டேப் உரிஞ்சதுதான்.

பீன்ஸ் வைக்கோலா ஆனது வேற காரணம். காய்ல இருக்குற என்சைம் குளிர்ல மெதுவாகுமே தவிர நிக்காது, நிறம், மணம் எல்லாத்தையும் தின்னுக்கிட்டே இருக்கும். அதனால கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துட்டு உடனே ஐஸ் தண்ணியில அதே அளவு நேரம் போட்டு வைக்கணும். பீன்ஸுக்கு 3 நிமிஷம், கேரட் துண்டுக்கு 2, பச்சைப் பட்டாணிக்கு ஒண்ணரை. தண்ணியை நல்லா வடிச்சு, துணியில ஒத்தி, தட்டுல பரப்பி உறைஞ்சதுக்கு அப்புறம் கவர்ல கொட்டினா ஒட்டாம உதிரி உதிரியா இருக்கும், ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கலாம். இந்தக் காய் வேலையைப் பெரிய பையன் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பண்ணுவான், அவனுக்கு அது பிடிச்சுப்போச்சு.

இனி பணக் கணக்கு, என் மனசுல இதுதான் நடுப் புள்ளி. மளிகைப் பணத்தைப் பத்துப் பங்காப் பிரிச்சோம். எட்டு பங்கு அந்தந்த வாரம் சாப்பிடுறதுக்கு, அதைத் தொடக் கூடாது. ஒரு பங்கு ஸ்டாக் சேர்க்க. மீதி ஒரு பங்கு தனி டப்பாவுல, நிஜமாவே விலை இறங்கும்போது மட்டும் எடுக்க. எதுவும் இறங்கலன்னா பணம் டப்பாவுலேயே இருக்கும், அடுத்த வாரத்தோட சேரும். முதல் மாசம் இதுல அக்காவுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்துச்சு, பணமா வெச்சா வேற எதுக்காவது செலவாயிரும், சாமானா இருந்தா பத்திரம்னு அவங்க நினைச்சாங்க. அந்த பயம் நியாயமானது. ஆனா பணம் எதுவா வேணும்னாலும் மாறும், உறைஞ்ச கோழி கோழியா மட்டும்தான் இருக்கும், பால் தீர்ந்த அன்னைக்கு அது உதவாதுன்னு அவங்களே அனுபவிச்சிருந்தாங்க, அதனால ஒத்துக்கிட்டாங்க.

எதை ஸ்டாக் பண்றதுங்கிறதுக்கு நாங்க எந்த ரெடிமேட் லிஸ்டையும் பார்க்கல. ரெண்டு வாரம் வீட்ல நிஜமா என்ன சமைச்சாங்கன்னு எழுதினோம். திரும்பத் திரும்ப வந்தது 15 பதார்த்தம், அதுக்கு வேண்டியது 22 சாமான். அந்த 22தான் ஸ்டாக். அதுல இல்லாதது எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வாங்கக் கூடாது, கண்டிப்பா வேணும்னா ஒரு சின்னப் பாக்கெட் வாங்கி சமைச்சுப் பார்த்துட்டு அப்புறம். முதல்ல எல்லாத்துலயும் ரெண்டு வாரத்துக்கு, அது நிறைஞ்சதும் நாலு வாரத்துக்கு, மூணு மாசத்துக்கு மேல எதுவும் கிடையாது. பெரிய பாக்கெட்தான் மலிவுன்னும் நம்பக் கூடாது, கிலோவுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பார்த்தா சின்னதே மலிவா இருக்குற நாளும் உண்டு, இப்ப அக்கா ஃபோன்ல கணக்குப் போடாம கூடையில எதையும் போடுறதில்ல.

சாமானுக்குச் சாமான் ஆயுசு வேற. வெள்ளை அரிசி ஈரமும் பூச்சியும் படாம இருந்தா வருஷக்கணக்கா இருக்கும். தவிடு நீக்காத அரிசியில எண்ணெய் இருக்குறதால வெளிய ஆறு மாசத்துல சிக்கு வாடை வந்துரும், முழுக் கோதுமை மாவும் அப்படித்தான், அதனால இது ரெண்டும் கொஞ்சமா வாங்கணும், இல்லைன்னா ஃப்ரீசர்ல வைக்கணும். வண்டு வெளியில இருந்துதான் வரும்னு நினைக்கிறோம், ஆனா நிறைய நேரம் வாங்கும்போதே முட்டையா உள்ள இருக்கும். மாவு, அரிசி, பயறு எது வந்தாலும் முதல்ல 4 நாள் -18ல வெச்சுட்டு, வெளிய எடுத்து மூடின கவரோடயே அறைச் சூட்டுக்கு வர விட்டு, அப்புறம்தான் டப்பாவுல கொட்டுறாங்க. கவரைச் சீக்கிரம் பிரிச்சா ஈரம் கோத்துக்கும். புதுசு பின்னாடி, பழசு முன்னாடி, அலமாரியை அடுக்குற பொறுப்பை அத்தை எடுத்துக்கிட்டாங்க, அவங்க கை பட்டதுக்கு அப்புறம் அங்க எதுவும் வீணாகல.

எல்லாத்தையும் விட அதிக மிச்சம் கொடுத்தது காஞ்ச பயறும் ராஜ்மாவும்தான், இதை நான் எந்த வீட்டுக்கும் தைரியமா சொல்லுவேன். ஒரு கிலோ காஞ்சது வெந்தா ரெண்டரை கிலோ கிட்ட வரும், வாரத்துல ஒரு நாள் மொத்தமா வேக வெச்சு, ஆற விட்டு, வெந்த தண்ணியோட கவர்ல பிரிச்சு வெச்சா டின் வாங்கவே வேண்டாம், கேஸும் ஒருதடவைதான். ராஜ்மா மட்டும் ஜாக்கிரதை. அதுல லெக்டின்னு ஒரு நஞ்சு இருக்கு, குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில நல்லா தளதளன்னு 30 நிமிஷம் கொதிக்க விடணும். மெதுவா வேக வைக்கிற ஸ்லோ குக்கர்ல பச்சையா போடவே கூடாது, அந்தச் சூடு பத்தாது, அரைவேக்காடு பச்சையை விட மோசம். சமைச்சது எதையும் சூடா உள்ள வைக்காதீங்க, அகலமான பாத்திரத்துல பரப்பி ஆற விட்டு, 2 மணி நேரத்துக்குள்ள குளிர்ல போயிரணும், சோறுன்னா இன்னும் சீக்கிரம்.

ரொட்டி வாங்கின அன்னைக்கே துண்டு போட்டு உள்ள போயிரும். சீஸ் துருவி, வெண்ணெய் அப்படியே. முட்டையை ஓட்டோட வைக்க முடியாது, உடைச்சு அடிச்சு வைக்கலாம். வெள்ளரி, சாலட் இலை, பச்சை உருளைக்கிழங்கு இதெல்லாம் உள்ள போகவே வேண்டாம். ஒரு தடவை சூப்பைக் கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி வெச்சு அது வெடிச்சு மொத்த சூப்பும் போச்சு, தண்ணி உறையும்போது 9 சதவீதம் கிட்ட விரியும், அதுக்கு இடம் விடணும்.

இப்படி மாத்தின எட்டாவது வாரம் கரண்ட் போச்சு, 20 மணி நேரம். அக்கா பதறிப்போய் ஃபோன் பண்ணாங்க, நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, திறக்காதீங்க. நிறைஞ்ச ஃப்ரீசர் மூடியே இருந்தா 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம். காலி இடத்துல தண்ணி பாட்டில் நிரப்பி வெச்சிருந்தோம், அது அன்னைக்கு ரொம்ப உதவுச்சு. உள்ள ஒரு கிண்ணத்துல தண்ணி உறைய வெச்சு அதுமேல ஒரு நாணயம் வெச்சிருந்தோம், நாணயம் மேலேயே இருந்தா இளகல, அடியில கிடந்தா மொத்தமும் இளகித் திரும்ப உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கரண்ட் வந்ததும் பார்த்தா நாணயம் அப்படியே மேல இருந்துச்சு. யாரும் இல்லாதப்ப ப்ளக் கழண்டு திரும்ப மாட்டினாலும் இதுவே காட்டிக்கொடுக்கும்.

சரியாகாதது ரெண்டு. கொழுப்புள்ள மீன் ரெண்டு மூணு மாசத்துக்கு மேல தாங்காது, அது தெரிஞ்சும் ரெண்டு பொட்டலம் அடியில தங்கி சிக்கு வாடை வந்துருச்சு, பெட்டி ஃப்ரீசர்ல அடியில போனது கண்ணுல படாது, அதுக்கு இன்னும் நல்ல வழி எங்களுக்குக் கிடைக்கல. இன்னொண்ணு கரண்ட் பில். ஃப்ரீசர் ஓடுற செலவை மளிகைச் செலவோட சேர்த்துத்தான் பார்க்கணும், 6 பேர் வீட்டுக்கு இது கட்டுப்படியாகுது, ரெண்டு பேர் வீடா இருந்தா ஃப்ரிட்ஜ் மேல இருக்குற சின்ன ஃப்ரீசரே போதும், தனியா வாங்காதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

பதிமூணாவது வாரம் அக்காவுக்குத் தையல் வேலை சுத்தமா நின்னுச்சு, அதே மாசம் சின்னவனுக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரிச் செலவு. மளிகைப் பணத்துல பாதி அங்க போயிருச்சு. 19 நாள் அந்த வீடு தாளைப் பார்த்துப் பார்த்து ஸ்டாக்லயே ஓடுச்சு, பால், முட்டை, வெங்காயம், கீரை மட்டும் டப்பாவுல சேர்ந்திருந்த பணத்துல வாங்கினாங்க. கடன் வாங்கல. இருபதாவது நாள் அத்தை தாளைக் கழட்டிப் புதுத் தாள் ஒட்டினாங்க, அதுல ராஜ்மா 2 பொட்டலம், பட்டாணி 1, கோழி 1. இந்த வாரத்து ஒரு பங்குல முதல்ல அரிசி வாங்கப் போறாங்க.